கியாலெர்ப்ரு பாலத்தில் நின்றவன்

கல்லூரி நாள்களில் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையொன்றில், அட்டையும் முதல் சில தாள்களும் இல்லாத ஓர் அமெரிக்க காமிக்ஸ் இதழை வாங்கினேன். தாள் பழுப்பேறியிருந்தது. நடுவில் குத்தியிருந்த இரண்டு கம்பிகளில் ஒன்று துருப்பிடித்து, தன்னைச் சுற்றிக் காப்பிக் கறை போன்ற ஒரு வட்டத்தை உண்டாக்கியிருந்தது. அட்டையும் முதல் பக்கமும் இல்லாததால் அது எத்தனையாவது இதழ், கதை எங்கிருந்து வருகிறது, இதில் நல்லவன் யார், கெட்டவன் யார் என்ற எதுவும் எனக்குத் தெரியவில்லை. சுத்தியல் ஏந்தியவன் தோர் என்பது மட்டும் தெரிந்தது. மற்ற எல்லாரும் எனக்குப் புதியவர்கள். அந்த அறியாமையோடு நான் கடைசிப் பக்கங்களுக்கு வந்து சேர்ந்ததைப் பிற்பாடு ஒரு கொடுப்பினையாகவே நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கங்களில் ஒரு சிறு படை இறந்தோர் உலகிலிருந்து தப்பி வந்துகொண்டிருக்கிறது. பின்னால் இறந்தோரின் பெரும்படை துரத்தி வருகிறது. இடையில் இருப்பது ஒரே ஒரு பாலம். அதன் பெயர் கியாலெர்ப்ரு. யாராவது ஒருவர் அங்கே நின்று துரத்துவோரைத் தடுத்தால்தான் மற்றவர்கள் பிழைக்க முடியும். நான் நிற்கிறேன் என்கிறான் தோர். நாயகன் வேறெப்படிச் சொல்வான்? அப்போது அகன்ற தோளும் கனத்த கைகளும் கொண்ட ஒருவன் பின்னாலிருந்து தோரை ஓங்கி அடித்து மயங்கி விழச் செய்கிறான். தோரின் தோழன் பால்டர் திகைத்து நிற்க, அடித்தவன் பேசத் தொடங்குகிறான். தன்னைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள் என்றும், இறந்தோரின் அரசியான ஹேலாவும் சிரித்தாள் என்றும், தனக்கு அது தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தாலும் தனக்குத் தெரியும் என்றும் சொல்கிறான். இந்தப் பாலத்தைத் தான் காக்கப் போவதாகவும், இறந்தோர் பிற்காலத்தில் இந்தப் போரைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும்போது யாரும் சிரிக்க மாட்டார்கள் என்றும் முடிக்கிறான். படை கடந்து போகிறது. அவன் நிற்கிறான்.

வல்லமை மிக்கோரின் வீரம் நிரம்பிய கதைகளைச் சிறுவயதிலிருந்தே படித்து வந்தவன் நான். ஆயினும் அந்தப் பேச்சு என்னைப் பிடித்து நிறுத்தியது. வீரத்தைப் பற்றியோ கடமையைப் பற்றியோ அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேசியது முழுவதும் சிரிப்பைப் பற்றித்தான். இத்தனை பெரிய உடம்பைப் பார்த்து யார் சிரித்தார்கள், எதற்காகச் சிரித்தார்கள் என்று அன்றிரவு எனக்குத் தோன்றிய கேள்விதான், ஸ்கர்ஜ் என்னும் அந்தச் சிறு வில்லனை இருபத்தோரு ஆண்டு இதழ்களின் வழியே பின்னோக்கித் தேடிப் போக வைத்தது. பழைய புத்தகக் கடைகளிலும், நண்பர்களிடம் இரவல் வாங்கிய தொகுப்புகளிலும், கடைசியில் கணினித் திரையிலும் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டேன். இறப்பிலிருந்து பிறப்பை நோக்கிப் படித்தேன் என்று சொல்லலாம்.

அவனுடைய பிறப்பு 1964 ஏப்ரலில் நிகழ்ந்தது. மார்வெல் நிறுவனத்தின் ஜர்னி இன்டு மிஸ்டரி என்ற இதழின் 103ஆம் எண், விலை 12 சென்ட். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய அந்தக் கதையில் இரண்டு புதிய பாத்திரங்கள் அறிமுகமாகின்றன. ஒருத்தி மாயக்காரி, ஆமோரா என்ற பெயரில் பின்னாளில் நன்கு அறியப்பட்டவள். மற்றவன் எக்ஸிகியூஷனர், அதாவது மரண தண்டனையை நிறைவேற்றுபவன். நம் ஸ்கர்ஜ்தான் அவன். தோர் என்னும் தேவன் பூமியில் டொனால்டு பிளேக் என்ற கால் ஊனமுற்ற மருத்துவராக வாழ்கிறான். அவனிடம் செவிலியாக இருக்கும் ஜேன் ஃபாஸ்டரைக் காதலிக்கிறான். அந்தக் காதல் தந்தை ஓடினுக்குப் பிடிக்கவில்லை. அதைக் கலைக்க, சூழ்ச்சிக்காரத் தேவன் லோகியின் ஏற்பாட்டில் ஆமோரா பூமிக்கு வருகிறாள். அவளுடைய அழகும் முத்தமும் பலிக்காமல் போன பிறகு, ஜேனை ஒழித்துக்கட்டும் வேலைக்கு அவள் அழைக்கும் ஆள்தான் இந்தக் கொலையாளி.

அவன் வருகிறான், இருமுனைக் கோடரியால் வெளியைப் பிளந்து ஜேனை வேறோர் உலகத்துக்குத் தள்ளிவிடுகிறான். தோர் வந்து பேரம் பேசுகிறான். ஜேனைத் திருப்பிக் கொடுத்தால் என் சுத்தியலை எடுத்துக்கொள் என்கிறான். கொலையாளிக்கு ஆசை வந்துவிடுகிறது, ஒப்புக்கொள்கிறான். ஆனால் சுத்தியலை அவனால் தரையிலிருந்து அசைக்கவும் முடியவில்லை. தன் காரியத்தைக் கெடுத்து இப்படியொரு பேரம் பேசியதற்காக ஆமோரா அவனை மரமாக மாற்றத் தொடங்குகிறாள். தான் வென்ற எதிரியிடமே அவன் கெஞ்ச வேண்டியதாகிறது. கடைசியில் தோர் இருவரையும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகிறான். முதல் கதையிலேயே ஒருத்தி அழைத்ததும் வந்து, ஆசைப்பட்டு ஏமாந்து, அவள் கையாலேயே தண்டனையும் பெற்றுத் திரும்புகிறான். அந்தப் பக்கங்களை நான் படித்தபோது பாலத்தில் அவன் பேசிய பேச்சு ஏற்கெனவே என் நினைவில் இருந்ததால், பாதி மரமாகி நிற்கும் அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. 1964இல் 12 சென்ட் கொடுத்து வாங்கிய ஒரு சிறுவன் நிச்சயம் சிரித்திருப்பான். அது அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

வட ஐரோப்பியரின் நார்ஸ் புராணங்களில் இப்படி ஒருவன் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தோர், ஓடின், லோகி, பால்டர், ஹைம்டால் எல்லாருக்கும் ஐஸ்லாந்தின் பழம்பாடல்களிலும், ஏறத்தாழ 1220இல் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய உரைநடை எட்டா என்ற புராண நூலிலும் வேர் இருக்கிறது. ஸ்கர்ஜுக்கு இல்லை. அவன் பெயரே, துன்புறுத்தும் சாட்டையைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுத்து மாற்றி, வட ஐரோப்பியப் பெயர் போலத் தோன்றும்படி செய்தது. தேவர்களுக்கு நடுவே தேவனாக உலவினாலும் அவன் மாத இதழுக்குப் பக்கம் நிரப்ப வேண்டிய அவசரத்தில் பிறந்தவன். ஆமோராவுக்கும் புராண வேர் இல்லைதான், ஆனால் ஆணை மயக்கி அழிக்கும் பெண் என்ற பழைய வார்ப்பு அவளுக்குக் கைகொடுத்தது. அவனுக்கு அதுவும் இல்லாமல், அவளுக்குப் பின்னால் நிற்பது என்ற ஒரே வேலைதான் இருந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் அவன் போகாத இடமில்லை. 1964லேயே அவெஞ்சர்ஸ் இதழின் 7ஆம் எண்ணில் ஓடின் அவர்கள் இருவரையும் பூமிக்கு நாடு கடத்த, பாரன் (Baron) ஸீமோ என்ற நாஜியின் கூட்டத்தில் சேர்கிறார்கள். ஹல்க் எதிர்காலத்துக்குத் தூக்கியெறியப்பட்ட கதையில் அங்கேயும் எக்ஸிகியூஷனர் ஒரு நகரத்தைத் தாக்கிக்கொண்டிருக்கிறான். 1967இன் அவெஞ்சர்ஸ் ஆண்டு மலரில் மாண்டரின் என்பவன் திரட்டிய கூட்டத்தில் ஒருவனாக நிற்கிறான். 1970இல் வந்த ஒரு கதையில், அவன் தன்னை விட்டு வேறோர் அரசியிடம் போய்விட்டதாக ஆமோரா குமுறுகிறாள். பிறகு எப்படியோ மறுபடியும் அவள் பின்னாலேயே வந்துவிடுகிறான். ஒருவர் எழுதியதை அடுத்தவர் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் அவனிடமிருந்து வேண்டியது ஒன்றுதான்: நாயகனோடு நான்கு பக்கம் மோதக்கூடிய ஒரு முரட்டு உடம்பு.

நம் ஊரில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: அடியாள். அடியாளுக்குத் தனிக் கோபம் கிடையாது. அவன் கோபமும் முதலாளியுடையது. எக்ஸிகியூஷனர் என்ற பட்டமும் அதையே சொல்கிறது. தண்டனையைத் தீர்மானிப்பவன் வேறொருவன், அதைச் செய்து முடிக்கும் கை மட்டுமே இவன். லோகி, ஸீமோ, மாண்டரின், எல்லாருக்கும் மேலாக ஆமோரா என்று எத்தனையோ பேர் சொல்லச் சொல்லக் கோடரியைத் தூக்கினான். வெற்றியில் அவனுக்குப் பங்கு வரவில்லை, தோல்வியில் தவறாமல் வந்தது.

நான் தேடிப் போனது அந்தச் சிரிப்பை அல்லவா? இதழ் இதழாகப் புரட்டியும், அவனைச் சுற்றி நின்று தேவர்கள் கைகொட்டிச் சிரிக்கும் காட்சி ஒன்றும் எனக்கு அகப்படவில்லை. ஆமோரா ஏளனமாகப் பேசுவாள், வேறொருவன் ஏசுவான், அவ்வளவுதான். முதலில் இது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. அந்தப் பேச்சை எழுதியவர் மிகைப்படுத்திவிட்டாரோ என்றும் சந்தேகப்பட்டேன். பிறகுதான் புரிந்தது. அவன் சொல்லும் சிரிப்பு எந்தக் கட்டத்துக்குள்ளும் வரையப்படவில்லை. அது கதையை வைத்துக்கொண்டிருந்தவர்களிடமும் படித்தவர்களிடமும் இருந்தது. அவன் வந்தால் தோற்பான், ஏமாறுவான், காதலித்தவள் முகத்தில் அடித்தாற்போல் பேசுவாள் என்பதை எல்லாரும் முன்கூட்டியே அறிந்து அவனைப் பயன்படுத்தினார்கள். நாமும் அறிந்தே பக்கத்தைப் புரட்டினோம். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள், எனக்குத் தெரியும் என்று அவன் பால்டரிடம் சொன்னாலும், அந்தச் சொல் பால்டரைத் தாண்டி இதழைப் பிடித்திருக்கும் கை வரை வருகிறது. இருபத்தோரு ஆண்டுகள் ஒரு பாத்திரத்தை அலட்சியமாகக் கையாண்டால் மட்டுமே எழுதக்கூடிய பேச்சு அது. அந்த அலட்சியம் ஒருவர் திட்டமிட்டு உண்டாக்கியதாக இருந்திருந்தால் இந்தக் கனம் வந்திருக்காது.

அந்தப் பேச்சை எழுதி வரைந்தவர் வால்ட்டர் சைமன்சன். நிலவியல் படித்துவிட்டு ஓவியப் பள்ளிக்குப் போனவர். டைனோசரின் உருவத்தில் கையெழுத்திடுபவர். 1983 நவம்பரில் தோர் இதழின் 337ஆம் எண்ணிலிருந்து 1987 வரை அந்தத் தொடரை அவர் நடத்தினார். பிற்பகுதியில் சால் புஸெமா வரைய இவர் எழுதினார். வந்த முதல் இதழிலேயே தோரின் சுத்தியலை வேற்றுக்கிரகவாசி ஒருவன் தூக்கும்படி செய்து, கிர்பிக்குப் பிறகு தேங்கிக் கிடந்த தொடரைக் குலுக்கிவிட்டார். எட்டாவை நன்றாகப் படித்தவர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். பழைய நூலிலிருந்து பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், அந்த உலகத்தின் குளிரையும், முடிவு வரப்போகிறது என்று தெரிந்தே வாழும் அந்த மக்களின் மனநிலையையும் கொண்டுவந்தார்.

ஸ்கர்ஜை அவர் திருத்தி எழுதவில்லை என்பதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பழைய பாத்திரத்துக்குப் பெருமை சேர்க்க நினைக்கும் எழுத்தாளர்கள் வழக்கமாக ஒரு வேலை செய்வார்கள்: உள்ளுக்குள் அவன் எப்போதும் நல்லவன்தான், நாம்தான் பார்க்கத் தவறிவிட்டோம் என்று ஒரு பழைய ரகசியத்தைப் புதிதாக உண்டாக்கிச் செருகுவார்கள். சைமன்சன் அப்படி எதையும் செருகவில்லை. முட்டாள்தனமும் தோல்விகளும் அவளுக்கு அடிமைப்பட்டுக் கிடந்ததும் எல்லாம் நடந்தவைதான், நடந்தவையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதையெல்லாம் அவன் நினைவில் வைத்திருக்கிறான் என்ற ஒன்றை மட்டும் சேர்த்தார்.

கதை அங்கே வந்து சேர்வது இப்படி. இருட்டுத் தேவதைகளின் தலைவன் மாலெகித் பூமியில் மாயஉணவு கொடுத்து மயக்கிய மனிதர்களின் ஆன்மாக்கள், இறக்கவேண்டிய காலம் வராமலேயே ஹேலாவின் உலகில் சிக்கிக்கொண்டன. அவற்றை மீட்கத் தோரும் பால்டரும் ஐன்ஹெரியார் எனப்படும் மாண்ட வீரர்களின் படையோடு புறப்படுகிறார்கள். அதற்குச் சற்று முன்புதான் ஆமோரா ஹைம்டாலோடு குலாவுவதை ஸ்கர்ஜ் கண்டிருக்கிறான். போவதற்கு வேறு இடமில்லாத மனத்தோடு அவன் அந்தப் படையில் சேர்ந்துகொள்கிறான். தேவர்களைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு அப்போது இருந்ததாகத் தெரியவில்லை. நெஞ்சு புண்பட்ட ஒருவன் எங்கேயாவது போய்ச் சண்டை போட வேண்டும் என்று நினைத்தான், அவ்வளவே.

ஹேலாவின் உலகத்தில் ஆமோராவின் சாயலில் ஓர் உருவம் வந்து அவனை மயக்கப் பார்க்கிறது. மறுபடியும் ஒருத்தி, மறுபடியும் அதே முகம். ஏமாற்றப்பட்டதை உணர்ந்ததும் பொங்கிய ஆத்திரத்தில் அவனுடைய கோடரி நாக்ல்ஃபார் என்ற கப்பலை அழித்துவிடுகிறது. எட்டாவைப் படித்தவர்களுக்கு அது என்ன கப்பல் என்று தெரியும்: இறந்தவர்களின் நகங்களால் கட்டப்படுவது, உலக முடிவில் தேவர்களின் எதிரிகளைச் சுமந்து வரப்போவது. இறந்தவரின் நகத்தை வெட்டாமல் புதைத்தால் அந்தக் கப்பலுக்கு மரம் கொடுத்ததுபோல் ஆகும் என்று ஸ்னோரி எழுதி வைத்திருக்கிறார். ஆகவே பயன் என்று பார்த்தால், தேவர்களுக்கு ஸ்கர்ஜ் செய்த மிகப்பெரிய உதவி பாலத்தில் நின்றதைவிட இந்தக் கப்பலை அழித்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதை யாரும் கொண்டாடுவதில்லை, நானும் கொண்டாடவில்லை. ஆத்திரத்தில் கை செய்த வேலை அது. அந்தக் கையை அப்போதும் ஆட்டி வைத்தது ஆமோராவின் முகம்தான்.

பாலத்துக்கு வரும்போது அவனிடம் அந்தக் கோடரி இல்லை. நான் முதல்முறை படித்தபோது இதன் பொருள் எனக்குப் பிடிபடவில்லை. முதல் கதையிலிருந்து அவன் கையைவிட்டு அகலாத பொருள் அது. அவன் தொழிலும் பட்டமும் மாயச்சக்தியும் எல்லாம் அதில்தான் இருந்தன. அது போன பிறகு அவனிடம் எஞ்சியிருப்பவை மனிதர்கள் செய்த எம்-16 துப்பாக்கிகள். நெருப்பரக்கன் சுர்ட்டரின் படையோடு பூமியில் நடந்த போருக்குப் பிறகு ஐன்ஹெரியார் தங்களோடு வைத்துக்கொண்டவை. தேவர்களின் கதையில் துப்பாக்கி வருவது பொருந்தாமல் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. இப்போது அதைவிடப் பொருத்தமான ஆயுதம் இருந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். மந்திரக் கோடரி தீராது, துப்பாக்கியில் குண்டு தீரும். அவன் எத்தனை நேரம் நிற்க முடியும் என்பது எண்ணி முடிக்கக்கூடிய கணக்கு என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

பின்னாலிருந்து தோரை அடித்தானே, அந்த அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுகில் தாக்குவது வில்லனின் வேலை. இருபத்தோரு ஆண்டுகளாக அவன் கற்றிருந்த வித்தை அதுதான். முன்னால் வந்து நின்று, நண்பா, நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் தோர் கேட்டிருக்கமாட்டான். இருவரும் பெருந்தன்மையாக வாதாடியே நேரத்தைக் கழித்திருப்பார்கள். தனக்குத் தெரிந்த ஒரே இழிவான முறையைப் பயன்படுத்தி அவன் அந்த இடத்தைத் தோரிடமிருந்து பறித்துக்கொண்டான். அந்தச் சொல்லை யோசித்தே எழுதுகிறேன். நாயகனுக்கு உரிய இடத்தை, நாயகனுக்கு உரிய சாவை, ஒரு சிறு வில்லன் களவாடிக்கொள்கிறான். அவன் மனம் திருந்தி நல்லவனாகிவிட்டான் என்று சிலர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. திருந்துவதற்கு அவனுக்கு நேரமும் இல்லை, அப்படியொரு சொல்லை அவன் சொல்லவும் இல்லை. தன் பெயர் எப்படி நினைக்கப்பட வேண்டும் என்பதை வாழ்நாளில் ஒரே ஒருமுறை தானே தீர்மானித்தான், அவ்வளவுதான் அங்கே நடந்தது.

உண்ட வீட்டுக்காக உயிர் விடுபவர்களை நாம் செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவர்கள் என்போம். கும்பகருணனைக் கம்பன் அப்படித்தான் காட்டுகிறான். கெட்டவன் பக்கம் நின்றவனைப் பார்த்து நாம் கலங்குவதற்கு அந்தக் கடன்தான் காரணம். ஸ்கர்ஜை முதலில் நானும் அந்த வரிசையில்தான் வைத்துப் பார்த்தேன், ஆனால் பொருந்தவில்லை. அவனுக்குச் சோறிட்டவர்கள் யாரும் அந்தப் பாலத்தின் இந்தப் பக்கத்தில் இல்லை. ஆமோரா அங்கே இல்லை, லோகியும் இல்லை. காப்பாற்றப்படுகிறவர்கள் எல்லாரும் நேற்றுவரை அவனுடைய பகைவர்கள், அல்லது அவன் பெயரையும் அறியாத மனித ஆன்மாக்கள். யாருக்கும் பட்ட கடனுக்காக அவன் நிற்கவில்லை என்பதுதான் அந்த நிற்றலைத் தனியானதாக ஆக்குகிறது.

இனி அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். 1985 டிசம்பர், தோர் 362ஆம் எண். அதன் எழுத்துகளை வரைந்தவர் ஜான் வொர்க்மன். பேச்சுக் குமிழின் கோட்டைக் கட்டத்தின் விளிம்போடு சேர்த்துத் திறந்து விடுவது அவர் வழக்கம். சொல் கட்டத்துக்குள் அடைபடாமல் பக்கத்தின் வெண்மையோடு கலந்துவிடும். ஓசைகளை அவர் எழுத்தாக வரையும்போது அவை படத்துக்கு மேல் ஒட்டியவைபோல் இருப்பதில்லை. பாறையையும் மனிதரையும்போல அவையும் அந்தப் படத்தின் பகுதியாகவே நிற்கும். ஆனால் இந்தக் காட்சியின் முடிவில் ஓசையைவிட முக்கியமானது அடக்கம். இறந்தோர் உலகில் பாட்டு இல்லை, வீரர்களைக் கொண்டாடும் வழக்கமும் இல்லை என்று கதைசொல்லியின் குரல் தொடங்குகிறது. ஆனாலும் ஒரு கதை மட்டும் கிசுகிசுப்பாகச் சொல்லப்படுகிறது. புதிதாக வந்து சேர்ந்தவர்கள், ஹேலாவும் தலை வணங்குகிற இவர் யார் என்று கேட்டால், கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்: கியாலெர்ப்ருவில் தனியாக நின்றவர். அந்தப் பதில் போதும் என்று குரல் முடிகிறது.

அவன் விழுவதை நாம் பார்ப்பதில்லை. எந்தக் காயம் அவனைக் கொன்றது, எத்தனை பேரை வீழ்த்தினான், கடைசியில் என்ன சொன்னான் என்று எதுவும் காட்டப்படவில்லை. நம் கண்ணுக்குத் தெரிகிற கடைசி நொடியிலும் அவன் நின்றுகொண்டுதான் இருக்கிறான். அந்த இதழை நான் எத்தனை முறை எடுத்தாலும், சுற்றி மொய்க்கும் இறந்தோருக்கு நடுவே, இரண்டு கைகளிலும் துப்பாக்கியோடு, அவன் அங்கேதான் இருக்கிறான். 2011இல் சைமன்சனின் இதழ்கள் அனைத்தையும் ஸ்டீவ் ஓலிஃப் புதிதாக வண்ணமிட, பெருந்தொகுப்பாக வெளியிட்டார்கள். வழவழப்பான தாள், துல்லியமான வண்ணம், குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் வண்ணப் புள்ளிகள் கோட்டைவிட்டுச் சற்று விலகி நிற்கும் என் பழுப்பேறிய தாளில்தான் அந்த இருள் எனக்கு இருளாகத் தெரிகிறது.

2017இல் வந்த தோர் ராக்னராக் திரைப்படத்தில் கார்ல் அர்பன் ஸ்கர்ஜாக நடித்தார். அங்கேயும் இரண்டு எம்-16 துப்பாக்கிகள் இருக்கின்றன, அங்கேயும் தப்பிப் போகிறவர்களுக்காக அவன் குதிக்கிறான். சைமன்சனின் பக்கத்துக்கு அவர்கள் செய்த மரியாதை அது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்தப் படத்தால்தான் இவன் பெயர் பலருக்குத் தெரிய வந்தது. ஆனால் திரையில் ஹேலா அவனைக் கொல்வதை நாம் பார்த்துவிடுகிறோம். அதோடு, அங்கே அவனுக்கு ஒரே படத்துக்குள் அடங்கிய வாழ்க்கைதான். பயந்து ஒரு பக்கம் சாய்ந்தவன் கடைசியில் மனம் மாறும் கதை அது, நன்றாகவே செய்யப்பட்டது. 1964இல் பாதி மரமாகி நின்றவனின் பாரம் அதில் இல்லை, இருக்கவும் முடியாது.

பாலத்தில் தனியாக நின்ற வட ஐரோப்பியன் ஒருவன் வரலாற்றிலும் உண்டு. 1066 செப்டம்பர் 25 அன்று இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்டு பாலத்தில், நார்வே அரசன் ஹரால்டின் படை சிதறிய வேளையில், ஒரே ஒருவன் ஆங்கிலேயப் படையைக் கடக்கவிடாமல் மறித்தான் என்றும், பாலத்துக்கு அடியிலிருந்து ஈட்டியால் குத்தித்தான் அவனை வீழ்த்த முடிந்தது என்றும் ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பின் ஒரு படியில் பிற்காலத்தில் சேர்த்த பகுதி சொல்கிறது. அவனுடைய பெயர் அதில் இல்லை.

கியாலெர்ப்ரு சைமன்சன் கற்பித்த பாலம் அல்ல என்பதை நான் மிகவும் தாமதமாகத்தான் அறிந்தேன். ஸ்னோரியின் எட்டாவில் அது இருக்கிறது: கியோல் என்னும் ஆற்றின் மேல், மின்னும் பொன்னால் கூரை வேய்ந்த பாலம். பெயருக்கே ஒலிக்கும் பாலம் என்பதுபோல் பொருள். கொல்லப்பட்ட பால்டரை மீட்டுவர ஹெர்மோத் என்பவன் எட்டுக்கால் குதிரை ஸ்லெய்ப்னிரின் மேலேறி, ஒன்பது இரவுகள் இருண்ட பள்ளத்தாக்குகளின் வழியே பயணம் செய்து அங்கே வருகிறான். பாலத்தைக் காக்கும் மோத்குத் என்ற கன்னி அவனை நிறுத்தி, பெயரையும் குலத்தையும் கேட்கிறாள். நேற்று இறந்தோரின் ஐந்து அணிகள் இந்தப் பாலத்தைக் கடந்து சென்றன, ஆனால் நீ ஒருவன் வரும்போது பாலம் அதற்குக் குறையாமல் ஒலிக்கிறது, உன் முகத்தில் இறந்தோரின் நிறமும் இல்லை என்கிறாள். அந்த வரியை நான் மொழிபெயர்ப்பு நூலொன்றில் முதன்முதலாகப் படித்தது ஒரு மழை நாளின் மாலையில். நூலை விரித்தபடியே கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய், அலமாரியின் கீழ்த்தட்டில் உறையிட்டு வைத்திருந்த அந்த அட்டையில்லாத இதழை எடுத்துவந்து, துருப்பிடித்த கம்பி இன்னும் கொஞ்சம் கிழிக்காதபடி மெதுவாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.